நூலக மேசையில் இருப்பவருக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நூலகங்களில் இரவல் வாங்கவும் திருப்பிக் கொடுக்கவும் இயந்திரங்கள் வந்துவிட்டன, தேடித் தரக் கணினி இருக்கிறது, இனி அதை இயக்கத் தெரிந்த ஓர் இளையர் நின்றால் போதும் என்ற கருத்தில் வாசகர் ஒருவர் அண்மையில் இப்பகுதியில் எழுதியிருந்தார். இரவல் விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. சிங்கப்பூரின் பழைய தேசிய நூலகம் இருந்த ஸ்டாம்ஃபோர்ட் சாலைச் செங்கல் கட்டடத்தில் வரிசையில் நின்று தேதி முத்திரை வாங்கிய காலத்தை நினைத்து ஏங்குகிறவர்களில் நான் சேர்த்தி இல்லை. கால் கடுத்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால், எந்தப் புத்தகம் வேண்டும் என்று தெரிந்தவர்கள் மட்டுமா நூலகத்துக்கு வருகிறார்கள்? வயதானவர்களில் பலர் ஏதோ ஒரு கவலையோடு வருகிறார்கள். அதற்குப் புத்தகம் இருக்கிறதா, இருந்தால் எந்தப் பக்கம் இருக்கும் என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அப்படி வருகிறவருக்கு எதிரே இருப்பவர் பத்துத் துறைகளில் கொஞ்சம் கொஞ்சமாவது தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் நூலகத் துறையில் படித்தவன் அல்ல. செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று "எனக்கு அது வேண்டும்" என்று கேட்கிறவர்களைப் பார்த்தே என் வேலைக்காலம் போனது. ஃபிட்டர் ஒருவர் வந்து, "அண்ணே, ரெண்டு இன்ச் ரப்பர் கேஸ்கெட் ஒண்ணு குடுங்க" என்பார். எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வது சுலபம். எந்தக் குழாய்க்கு, கடல்நீரா எண்ணெயா நீராவியா என்று கேட்டுவிட்டுக் கொடுத்தால்தான் அது வேலை. நீராவிக் குழாயில் சாதாரண ரப்பர் நிற்காது. போன வேகத்தில் அவரே திட்டிக்கொண்டு திரும்பி வருவார். இதைக் கேட்பதற்கு நான் என்ஜினியராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பம்ப், வால்வு, பெயிண்ட், வெல்டிங் ராடு, கயிறு, மின்கம்பி எல்லாவற்றிலும் ஓரளவு பரிச்சயம் இல்லாமல் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவே முடியாது. நூலக மேசை வேலையும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

எங்கள் புளோக்கில் இருக்கும் ஒரு பெரியம்மா, கீரை பற்றித் தமிழில் புத்தகம் வேண்டும் என்று ஒரு நூலகத்துக்குப் போனார். எந்த நூலகம் என்பது இங்கே முக்கியமில்லை. ஊழியர் பணிவாகவே பேசினார். கணினியில் தேடி, சமையல் புத்தக அடுக்கைக் காட்டினார். பெரியம்மா முருங்கைக்கீரைப் பொரியல், வல்லாரைத் துவையல் என்று படம் போட்ட இரண்டு புத்தகங்களோடு வீட்டுக்கு வந்தார். அவருக்கா பொரியல் செய்யத் தெரியாது? ரத்தம் உறையாமல் இருக்க அவர் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். கீரையை இஷ்டத்துக்குக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பச்சைக் கீரைகளில் வைட்டமின் கே இருக்கிறது, அது அந்த மாத்திரையின் வேலையைத் தடுக்கும். எந்தக் கீரையில் எவ்வளவு என்பதுதான் அவர் தெரிந்துகொள்ள நினைத்தது. கேட்கத் தெரியாமல் "கீரைப் புத்தகம்" என்று கேட்டுவிட்டார்.

நூலக எண்களை அறிந்தவர்களுக்குத் தெரியும், சமையல் 641இல் இருக்கும், உணவும் உடல்நலமும் 613இல் இருக்கும், மருந்துகள் 615இல் இருக்கும். மூன்றும் ஒரே அடுக்கில் இருக்காது. ஒரு பெரியம்மாவின் ஒரே கேள்வி மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது. "எதற்காகத் தேடுகிறீர்கள் பெரியம்மா, சமைக்கவா, உடம்புக்காகவா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்த வார்த்தை நாக்கில் வருவதற்கு, கீரைக்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்ற எண்ணம் முதலில் தலையில் இருக்க வேண்டுமே.

தமிழ்ப் புத்தக அடுக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கிலம் மட்டும் படிப்பவர்கள் இதை அவ்வளவாக உணர மாட்டார்கள். நம் தமிழ் அடுக்கில் இருப்பவை பெரும்பாலும் சென்னையில் அச்சானவை. கதை, கவிதை என்றால் எங்கே அச்சானால் என்ன. சட்டம், வரி, ஓய்வூதியம், தோட்டம் என்று வந்தால் விஷயமே வேறு. காப்பிக்கடையில் என்னோடு உட்காரும் நண்பர் ஒருவர் உயில் எழுத ஆசைப்பட்டு, வாரிசுரிமை பற்றிய சென்னைப் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு வந்து எங்களுக்குப் பாடம் நடத்தினார். அது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை அழகாக விளக்கும் புத்தகம். சிங்கப்பூரில் அந்தச் சட்டம் செல்லாது. இங்கே உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் பங்கு பிரிப்பதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. முஸ்லிம்களுக்கு அதுவும் பொருந்தாது, அவர்கள் ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். மசேநி எனும் மத்திய சேமநிதிப் பணத்தை உயிலில் எழுதிப் பிரயோசனமில்லை, அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு கணவன் மனைவி இருவர் பேரிலும் கூட்டு உரிமையாக இருந்தால், ஒருவர் போனதும் மற்றவருக்குப் போய்விடும். அதே வீடு பங்கு பிரித்த உரிமையாக இருந்தால் அப்படிப் போகாது.

இதையெல்லாம் மேசையில் இருப்பவர் விளக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விளக்கவும் கூடாது, அவர் வழக்கறிஞர் இல்லை. ஆனால், "ஐயா, இது இந்தியச் சட்டம், நம் ஊருக்கு இந்தப் பக்கம் பாருங்கள், மசேநிக்குத் தனிப் படிவம் உண்டு, சமூக மன்றத்தில் இலவசச் சட்ட ஆலோசனை நடக்கும் நாளைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று திருப்பிவிட முடிய வேண்டும். அதற்குச் சட்டம் கொஞ்சம், வீட்டு விவகாரம் கொஞ்சம், மூன்று சமயத்தாரின் வழக்கம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தோட்டக்கலைப் புத்தகங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஈசூன் வீட்டுத் தாழ்வாரத்தில் பாகற்காய் போட்டுப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

குறைகளையே எழுதினால் நியாயமாகாது. நன்றாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் மகளின் மாமியார் ஜொகூர் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், 1943 பிப்ரவரியில். அவருடைய அப்பாவை ஜப்பானியர் காலத்தில் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. தாயும் சீக்கிரம் இறந்துவிட, அத்தை வளர்த்திருக்கிறார். "நீ வயிற்றில் இருக்கும்போதே உன் அப்பா போய்விட்டார்" என்று அத்தை சொன்னதைத்தான் சம்பந்தியம்மா எண்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தார். அத்தை இறந்த பிறகு பெட்டியைக் குடைந்தபோது ஒரு ரேஷன் அட்டை கிடைத்தது. அதில் அப்பாவின் பெயர் இருந்தது, ரப்பர் முத்திரையில் 2603 என்ற எண். பின்பக்கம் பென்சிலில், "சுபானு ஆனி 9 சயாம்" என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். 2603 என்பது ஆள் எண் என்று பேரப்பிள்ளைகள் முடிவு கட்டி, அந்த எண்ணை வைத்து இணையத்தில் தேடிக் களைத்திருந்தார்கள்.

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்தில் மேல்தளங்களில் இருக்கும் லீ கொங் சியான் ஆய்வு நூலகத்துக்கு நானும் கூடப் போனேன். மேசையில் இருந்தவர் ஓர் இளம் சீனப் பெண். அட்டையைக் கையில் வாங்கியதும் அவர் சொன்ன முதல் விஷயம்: இது ஆள் எண்ணாக இருக்காது, ஆண்டாக இருக்கும், 660ஐக் கழித்துப் பாருங்கள். ஜப்பானியர்கள் தங்கள் முதல் பேரரசரிலிருந்து எண்ணும் கணக்காம். சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பெயர் வைத்திருந்த காலத்துச் செய்தித்தாளிலும் அப்படித்தான் ஆண்டு போட்டிருப்பார்கள் என்று எடுத்துக் காட்டினார். 2603இல் 660 போனால் 1943. பென்சில் எழுத்து அவருக்குப் புரியவில்லை. புரியாததைப் புரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாமல், தமிழ் தெரிந்த ஒரு சக ஊழியரை அழைத்து வந்தார். அவர் அறுபது வருடச் சுற்றைக் கையில் எண்ணினார். பிரபவ 1927இல் தொடங்கியது, சுபானு பதினேழாவது, அதுவும் 1943 சித்திரையில்தான் பிறக்கிறது. ஆனி ஒன்பது என்றால் ஜூன் பிற்பகுதி. முத்திரையும் பென்சிலும் ஒரே ஆண்டைச் சொல்கின்றன.

சம்பந்தியம்மா சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்படின்னா எனக்கு அப்போ நாலு மாசம்" என்றார். அப்பா தன்னைப் பார்த்ததே இல்லை என்று அத்தனை வருடம் நினைத்திருந்தவர். அத்தை பொய் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவர் அப்போது வேறு தோட்டத்தில் இருந்தார், கேள்விப்பட்டதைச் சொல்லியிருப்பார்.

அந்தப் பெண் அதோடு விடவில்லை. வரைபடம் எடுத்தார். அந்த ரயில்பாதை தாய்லாந்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 நடுவில்தான் வேலையை மிகவும் முடுக்கினார்கள், அந்த அக்டோபரில் இரு முனைகளும் சேர்ந்துவிட்டன. ஆனியில் போனவர் என்றால் மழைக்காலத்தில், காலரா முகாம் முகாமாகப் பரவிய நேரத்தில் போயிருக்கிறார். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல்கள் இருக்கின்றன, தோட்டங்களிலிருந்து போன தமிழர்களுக்கு அந்த மாதிரிப் பட்டியல் கிடைப்பது அரிது என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையத்தில் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசியவர்களின் பதிவுகளைத் தேடிக் கேட்கும் வழியைக் காட்டினார். அந்த நிலையம் சேர்ந்திருக்கும் தேசிய ஆவணக் காப்பகமும் 2012 முதல் நூலக வாரியத்தின் கீழ் வந்துவிட்டதால் இது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். தோட்டத்துக் கணக்குப் புத்தகம் ஏதாவது மிஞ்சியிருந்தால் கோலாலம்பூரில் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் விசாரிக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கக்கூடும் என்று தமிழ் ஊழியர் அதற்குக் கீழே வரிசையாக எழுதினார்.

எண்ணிப் பாருங்கள். ஒரு பழைய அட்டைக்குப் பஞ்சாங்கம், ஜப்பானிய வரலாறு, ரயில்வே, தொற்றுநோய், ஆவணக் காப்பகம், தமிழ்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் எல்லாம் தேவைப்பட்டன. அதே ஆனி மாதத்தில்தான், ஜூலை 4 அன்று, கேத்தே கட்டடத்தில் நேதாஜி இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார் என்பது எனக்கே அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறார்கள். அந்த மாதத்தில் தோட்டத்து ஆட்கள் எங்கே போய்க்கொண்டிருந்தார்கள் என்று யாரும் பேசியதில்லை.

நூலகத் துறையில் உலகமே மதிக்கும் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வருவதற்கு முன் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து அவர் வெளியிட்ட பகுப்பு முறையில், ஒரு பொருளை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் அதன் பல முகங்களையும் தனித்தனியாகக் குறித்துச் சேர்க்க இடம் இருக்கிறது. கணக்கு வாத்தியார் ஒருவர் நூலகத்துக்குள் நுழைந்ததால் நடந்த காரியம் இது. நூலகத்துக்கு வெளியே வேறொன்று தெரிந்தவர்கள் உள்ளே வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கணினியும் செயற்கை நுண்ணறிவும் இதையெல்லாம் ஒரு நொடியில் சொல்லிவிடும் என்று என் பேரனே சொல்கிறான். 2603 ஆண்டா என்று கேட்டால் சொல்லும், மறுக்கவில்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் ஆள் எண் என்று வைத்துக்கொண்டு அல்லவா தேடினார்கள். பெரியம்மா கீரை என்று தட்டினால் அது கீரையைத்தான் காட்டும். அவர் கையில் மடித்து வைத்திருந்த மருத்துவமனைச் சீட்டு எதிரே இருந்த மனிதருக்குத்தான் தெரிந்திருக்கும், பார்த்திருந்தால்.

எல்லாம் தெரிந்தவர் என்று யாரும் கிடையாது, அரைகுறையாகத் தெரிந்தவர் ஆலோசனை சொல்ல ஆரம்பித்தால் ஆபத்து என்று ஒரு எதிர்வாதம் வரும். நியாயமான பயம்தான். ஸ்டோரில் நாங்கள் யாரும் பம்ப்பைப் பிரித்து மாட்டியதில்லை, எந்த ஃபோர்மனிடம் அனுப்ப வேண்டும் என்று தெரியும், அங்கே அனுப்பிவிடுவோம். விக்டோரியா ஸ்திரீட்டில் அந்தப் பெண் சக ஊழியரை அழைத்ததும் இதே வேலைதான். எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் பயிற்சியில் வர வேண்டிய ஒன்று.

நூலகங்களை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்கள் சில உண்டு. ஆள் எடுக்கும்போது நூலகப் படிப்பும் கணினித் திறனும் இருப்பவர்களோடு, நடுவயதில் வேலை மாற நினைக்கும் தாதியர், தொழில்நுட்பர், கணக்கர் ஆகியோரையும் எடுங்கள். மேசையில் பதில் கிடைக்காமல் போன கேள்விகளைக் கேட்டவர் பெயர் இல்லாமல் ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பட்டறையில் ஷிஃப்ட் மாறும்போது நாங்கள் அப்படி ஒரு புத்தகம் வைத்திருந்தோம், அதைப் படித்தே புதியவர்கள் பாதி வேலை கற்றார்கள். தமிழ் தெரிந்த ஊழியர் எல்லாக் கிளையிலும் இருப்பது நடக்காத காரியம், எனக்கும் தெரியும். இருக்கும் ஒரு சிலரைத் தொலைபேசியிலோ திரையிலோ மற்றக் கிளைகளுக்கு வர வைக்கலாமே. சுண்ணாம்புக் கம்பம் என்று ஒரு முதியவர் சொன்னால் அது சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிய பகுதி என்று எந்தக் கிளையிலிருந்தும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்களைப் புத்தகம் அடுக்கும் தொண்டூழியத்துக்கு மட்டும் கூப்பிடாமல், பழைய இடம், பழைய தொழில் பற்றிய கேள்விகளுக்கும் கூப்பிடலாம். முதுகு வலிக்காது.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு யோசனை. வாசகர்கள் அனுப்பும் கேள்விகளை வாரம் ஒன்றாக எடுத்து, அதற்குப் பதில் தேட எந்தெந்த அடுக்குக்குப் போக வேண்டும் என்று நூலக ஊழியர் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். பதிலை விட அந்த வழிதான் எங்களுக்குப் பயன்படும்.

முதல் கேள்வியை நானே தருகிறேன். செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்கு நாங்கள் குடும்பத்தோடு அடிக்கடி போவோம், முட்டை அவித்துச் சாப்பிடுவோம். எரிமலையே இல்லாத சிங்கப்பூரில் தண்ணீர் எப்படிச் சுடுகிறது என்கிறான் பேரன். அந்தத் தண்ணீரைப் போரின்போது யார் யார் பயன்படுத்தினார்கள் என்பது என் கேள்வி. நீரிழிவு உள்ளவள் அதில் காலை வைக்கலாமா என்று என் மனைவி கேட்கிறாள். மூன்றையும் எடுத்துக்கொண்டு நாங்கள் எந்தத் தளத்துக்கு முதலில் போக வேண்டும்?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டோர் கீப்பர்,
ஈசூன்